வேடிக்கை பார்க்க 25 மணி நேரம்

வேடிக்கை பார்ப்பதற்குக்கூட ஒருவர் அனுமதி மறுக்க முடியும் என்பது அமெரிக்காவின் ஒஹையோவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து ஊரில் இருந்த மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு மிகப் பணிவாக மின்னஞ்சல் எழுதியிருந்தேன். ஸ்பீச் தெரபி எனும் பேச்சு சிகிச்சை முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், உங்கள் நிபுணர் சிகிச்சை தரும்போது ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா, வாயே திறக்க மாட்டேன் என்று. பதில் அன்றைக்கே வந்துவிட்டது. என் ஆர்வத்துக்கு நன்றி, என் எதிர்காலத்துக்கு வாழ்த்து, பார்க்க மட்டும் முடியாது. கணவரிடம் காட்டினேன். "வேலூரில் உன்னை யாராவது பார்க்காதே என்று சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் ஆற்காட்டுக்காரர், அவருக்குத் தெரியும்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடு தோட்டப்பாளையத்தில். கீழே நாங்கள், மாடியில் லாட்ஜ் என்று பலகை மாட்டிய சில அறைகள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளத்துக் குடும்பங்கள்தான் எங்களுக்கு வாடகைதாரர்கள். ஒரு வாரம் என்று சொல்லி வருவார்கள். பரிசோதனை, அறுவை, மறுபரிசோதனை என்று மாதக்கணக்கில் தங்குவார்கள். அறைக்கு ஒரு கேஸ் அடுப்பும் நாலு பாத்திரமும் கொடுப்போம். ஆண்களை தாதா (அண்ணன்) என்றும் பெண்களை தீதி (அக்கா) என்றும் அவர்கள் மொழியில் கூப்பிட எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. மருந்துக்கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே வங்காள எழுத்து இருப்பதை, எல்லா ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து வளர்ந்தேன்.

அந்தத் தெருக்களில் நோய் என்பது ரகசியம் அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் இரண்டு நிறுத்தம் போவதற்குள் பிளாஸ்டிக் பையைத் திறந்து ஸ்கேன் படத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதோ பாருங்கள், இங்கேதான்" என்று காட்டுவார். நாமும் பார்ப்போம். என்ன தெரிகிறது என்றெல்லாம் யாரும் கேட்கக் கூடாது. பார்ப்போம், உச்சுக் கொட்டுவோம், எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் இருந்தது, இப்போது நடமாடுகிறார் என்று சொல்லிவிட்டு இறங்குவோம். அது ஒரு மரியாதை.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்கு அமெரிக்கா வைத்த நிபந்தனை: 25 மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வா.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் இதற்கான இளநிலைப் பட்டமான பி.ஏ.எஸ்.எல்.பி. சேரலாம், பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டுகள், காதும் பேச்சும் ஒன்றாகப் படிப்பார்கள். மைசூரில் 1965 முதல் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இயங்குகிறது. சி.எம்.சி.யிலும் இந்தப் படிப்பு உண்டு. நான் படித்ததோ பி.எஸ்சி. கணிதம். "வாசலில் இருந்த படிப்பை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போய்த் தேடுகிறாளே" என்று அம்மாவுக்கு இன்றும் ஆற்றாமை. அமெரிக்காவில் காது தனி, பேச்சு தனி. காதுக்கு முனைவர் நிலைப் பட்டம் வேண்டும். பேச்சுக்கு முதுகலை போதும், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். ஆஷா என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கத்தின் அங்கீகாரக் குழு ஒப்புக்கொண்ட படிப்பாக அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சான்றிதழுக்கு அல்லாட வேண்டியிருக்கும். பல்கலைக்கழகத்தின் கட்டட அழகைப் பார்த்து மயங்காமல், அவர்கள் இணையத்தில் வெளியிடும் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், பிராக்சிஸ் என்ற தொழில் தகுதித் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. நான்காவது எண் கல்விக் கட்டணம். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், அந்த மாநிலத்திலேயே வசிப்பவர் என்று கணக்கில் வந்தால் ஒரு தொகை, வராவிட்டால் மயக்கம் வரவைக்கும் தொகை.

விண்ணப்பத் தளத்தில் கல்லூரியில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். உயிரியல், புள்ளியியல், சமூக அறிவியல் ஆகியவற்றோடு இயற்பியல் அல்லது வேதியியல் படித்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்போது கைகொடுத்தது எங்கள் அலைடு பிசிக்ஸ்! ஆய்வகத்தில் ஊசல் ஆட்டிக்கொண்டு, இது எதற்கு என்று சலித்துக்கொண்ட அதே அலைடு பிசிக்ஸ். உயிரியலை மட்டும் இங்கே உள்ளூர்க் கல்லூரியில் படித்தேன். ஒலியியல், பேச்சு உறுப்புகளின் அமைப்பு, குழந்தைகளின் மொழி வளர்ச்சி முதலான அடிப்படைப் பாடங்களை இணையவழியில் முடித்தேன். பரிந்துரைக் கடிதத்துக்கு என் பழைய கணிதப் பேராசிரியையைக் கேட்டபோது, "கல்லூரி முத்திரையோடு தபாலில் அனுப்பட்டுமா அம்மா?" என்றார். இணைப்பைச் சொடுக்கினால் போதும் என்றதும் அவருக்கு ஏமாற்றம். முத்திரை இல்லாத கடிதம் என்ன கடிதம்?

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். வேடிக்கைதான் என்னை வாட்டியது.

ஆஷா சான்றிதழுக்கு மொத்தம் 400 மணி நேரம் மருத்துவ அனுபவம் தேவை. அதில் 375 மணி நேரம் நாமே நேரடியாகச் செய்வது. 25 மணி நேரம் சான்றிதழ் பெற்ற நிபுணரின் வழிகாட்டுதலில் பார்ப்பது. சில பல்கலைக்கழகங்கள் அந்தப் பார்வையைச் சேரும்போதே முடித்துக்கொண்டு வரச் சொல்கின்றன. பார்க்க இடம் தேடினால், 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் குறுக்கே நிற்கிறது. நோயாளியின் விவரம் அவருடைய ஒப்புதல் இல்லாமல் மூன்றாம் ஆளுக்குப் போகக் கூடாது. நான்தான் அந்த மூன்றாம் ஆள். பிறந்ததிலிருந்தே மூன்றாம் ஆளாக வளர்ந்தவள்.

கடைசியில் ஓர் இடத்தில் சரி என்றார்கள். ஆனால் முதலில் காசநோய்ப் பரிசோதனை. முன்கையில் ஊசி போட்டு அனுப்பினார்கள். போட்ட இடம் தடித்துச் சிவந்து போயிற்று. அதைப் பார்த்த செவிலியின் முகமும் மாறிற்று. என் இடது தோளைத் திறந்து, நம் எல்லோருக்கும் இருக்கிற அந்தப் பி.சி.ஜி. தழும்பைக் காட்டினேன். குழந்தையில் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தோல் பரிசோதனை பொய்யாகக்கூட இப்படிக் காட்டும். பிறகு இரத்தப் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் ஃபுளூ ஊசி, ரகசியக் காப்பு உறுதிமொழி, அடையாள அட்டை. எங்கள் லாட்ஜில் தங்குவதற்கு ஆதார் நகல் ஒன்றுதான் கேட்போம்.

எனக்குக் கிடைத்த இருக்கை ஒரு கண்ணாடிக்குப் பின்னால். என் பக்கத்திலிருந்து உள்ளே நடப்பது தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. காதில் ஹெட்போன். இருட்டறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் ஊரில் பார்க்கிறவரும் பார்க்கப்படுவார். பார்த்ததற்குக் கூலியாக ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்பார்கள். இங்கே நான் ஆள் இல்லாத ஒரு கண்.

உள்ளே யாரைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொதுவாக ஒன்று மட்டும் சொல்லலாம். அமெரிக்கக் குழந்தைகளைத் திணற வைப்பது இவர்களுடைய ர ஒலி. பலருக்கு அது நழுவி வ போல ஆகிவிடும். இதை நாக்கு நுனியைப் பின்னோக்கி வளைத்து உச்சரிப்பவர்களும் இங்கே உண்டு. அது நம் ழ-வுக்கு வெகு அருகில் வரும். அந்த ழ-வையோ எங்கள் வட ஆற்காட்டில் பலர் ய-வாக நழுவவிட்டு, வாயப்பயம் என்று நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். ஒரு வட்டாரமே சேர்ந்து நழுவினால் பேச்சு வழக்கு. வளர்ந்த குழந்தை ஒன்று தனியாக நழுவினால் சிகிச்சை. வட்டார வழக்கு எதுவும் கோளாறு ஆகாது என்று 1983லேயே ஆஷா அறிவித்துவிட்டது. அதைப் படித்த அன்று ஊரையே யாரோ விடுதலை செய்ததுபோல எனக்கு அற்பச் சந்தோஷம்.

இந்த மூடிய கதவுகளை எவ்வளவு திட்டினாலும், ஒரு பையனின் நினைவு வந்து என் வாயை அடைக்கிறது. என் பள்ளியில் படித்தவன். அவனுக்குத் திக்கும். திக்குவதையே அடைமொழியாக்கி ஊர் அவனைக் கூப்பிட்டது. மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டார், ஆசிரியர் ஒருவரும் கூப்பிட்டார். அவன் பேச ஆரம்பித்தால் சுற்றி நின்று முடிக்கும்வரை பார்ப்பார்கள், அல்லது அவனுக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். எட்டாம் வகுப்புக்கு வந்தபோது வருகைப் பதிவுக்குக்கூட அவன் கையைத்தான் தூக்கினான். கதவு சாத்திய ஓர் அறை அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நாட்களில் அவனைத்தான் அதிகம் நினைத்தேன்.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. பனியில் கார் ஓட்டுகிறேன், வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவரின் முதுகைத் தொடாமல் நிற்கிறேன், எதிர்வீட்டாரிடம் வானிலையைத் தவிர வேறு எதையும் விசாரிப்பதில்லை. போன வாரம் இந்தியக் கடையில் ஒருவர் கடுகெண்ணெய்ப் புட்டியைக் கீழே போட்டு உடைத்தார். நெடி மூக்கில் ஏறியது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெயின் காரம் என்று கடைக்காரர் நினைத்து டிஷ்யூ கொடுத்தார். மற்ற தமிழர்களுக்கு ஊர் வாசனை என்றால் சாம்பாரோ மல்லிகையோ; எனக்கு யாரோ ஒரு தீதி எங்கள் மாடியில் மீன் வறுக்கும் கடுகெண்ணெய். கீழே அம்மா இலவம்பாடி முள் கத்தரிக்காயை வதக்கிக்கொண்டே, "ஜன்னலைச் சாத்துடி" என்பார். யாரும் சாத்த மாட்டோம்.

விண்ணப்பக் கட்டுரையில் ஏன் இந்தத் துறை என்று எழுத வேண்டும். தன்னைப் பற்றித் தானே பெருமையாக இரண்டு பக்கம் எழுதுவது நம் வளர்ப்பில் இல்லாத காரியம். அதனால் ஒரு தாதாவைப் பற்றி எழுதினேன். பக்கவாதத்துக்குப் பிறகு வந்து எங்கள் மாடியில் தங்கியவர். அவருக்கு எஞ்சியிருந்தது "ஓய் தோ" என்ற ஒரே ஒலிதான். உப்பு வேண்டும் என்றாலும் ஓய் தோ, கால் வலிக்கிறது என்றாலும் ஓய் தோ, என் அப்பாவோடு கிரிக்கெட் பார்த்து நடுவரைத் திட்டினாலும் ஓய் தோ. ராகம்தான் மாறும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது புரிந்தது. ஒருநாள் மாலை மின்சாரம் போனபோது மொட்டைமாடியில் அவர் ரவீந்திர சங்கீதம் ஒன்றை வார்த்தை பிசகாமல் பாடினார். அவர் மனைவி கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு அழுதார். ஒரு வார்த்தை வராதவருக்குப் பாட்டு எப்படி வருகிறது? நரம்பியல் பாடத்தில், 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளியைப் பற்றிப் படித்தேன். அவருக்கும் "டான்" என்ற ஒலிதான் மிச்சம். பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பாட்டு தப்பித்துக்கொள்ளும் என்பதும், அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டே பேச்சை மீட்கும் சிகிச்சை 1970களில் உருவானது என்பதும் பிறகு தெரிந்தது. கட்டுரையைப் படித்த எங்கள் பாட வழிகாட்டி, நன்றாக இருக்கிறது, ஆனால் அடையாளம் தெரியாதபடி மாற்றுங்கள் என்றார். ஊரை மாற்றினேன். தொழிலை மாற்றினேன். ஓய் தோவை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.

விண்ணப்பங்கள் போய்விட்டன. இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். சித்திரை பிறந்த மறுநாள், நல்ல நாளாகத்தான் இருக்கும் என்று அம்மா பஞ்சாங்கம் பார்த்துவிட்டார். போன ஞாயிறு வீடியோ அழைப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தீதி. கணவருக்குப் பக்கவாதமாம். "என் மகள் அங்கே இதைத்தான் படிக்கிறாள்" என்று அம்மா போனை அவர் கையில் கொடுத்துவிட்டார். இன்னும் சேரவே இல்லை, ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதை என் அரைகுறை இந்தியில் விளக்குவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். எந்தப் பக்கம் விழுந்தார், எந்த வார்த்தை முதலில் போயிற்று, விழுங்கும்போது இருமுகிறார், இரவில் என்ன செய்கிறார், மருமகள் என்ன சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபி பிரிவைக் கேளுங்கள், விழுங்குவதில் இருக்கும் சிரமத்தை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். என் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார். பிறகு அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"என்ன சொன்னாள்?"

"அதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது அம்மா."

"நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். நேற்றே எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாள். மருமகளோடு என்ன சண்டை என்று மட்டும் விட்டுப்போயிற்று. அதைச் சொல்."