ராட்டினத்தில் சிக்கிய கயிறு

காலையில் கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் மாட்டிக்கொண்டது. குடம் பாதியில் தொங்கியது.

சட்டென்று ஒரு பழைய ஹெலிகாப்டர் மீட்பின் அந்த இரண்டாவது ஆள் நினைவுக்கு வந்தார்.

1945 நவம்பர் 29. அமெரிக்காவின் கனெடிகட் கரையோரம். புயலில் பென்ஃபீல்ட் பாறைத்திட்டில் தட்டி நின்ற எண்ணெய்ப் படகில் இரண்டு பேர்.

பக்கத்திலேயே இருந்த சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர் ஆலையிலிருந்து ஆர்-5 ரக ஹெலிகாப்டர் கிளம்பியது. ஓட்டியவர் டிமிட்ரி வைனர், கம்பெனியின் சோதனை விமானி. மீட்பு அவர் வேலையே இல்லை! ஆளைக் கயிற்றில் மேலே இழுக்கும் கருவியான வின்ச்சைப் பார்த்துக்கொள்ள ஒரு ராணுவ கேப்டன்.

முதல் ஆளைத் தூக்கியாயிற்று. இரண்டாவது ஆளைத் தூக்கும்போது வின்ச் சிக்கி நின்றுவிட்டது.

வேறு வழி? அவரை அந்தரத்தில் தொங்கவிட்டபடியே கரைக்குப் பறந்தார்கள். கீழே நவம்பர் கடல்.

ஹெலிகாப்டர் வின்ச்சால் பொதுமக்களை மீட்ட முதல் சம்பவம் அது.

அப்புறம் நான் ஒரு கழியைத் தேடி எடுத்துவந்து, குடத்தை மெதுவாக என் பக்கம் இழுத்தேன். பாதித் தண்ணீர் சிந்திவிட்டது.