குலையில்லாத் தென்னை

மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டாவில் நாங்கள் தங்கிய விடுதியின் மணற்பரப்பில் முப்பத்தாறு தென்னைகள் நின்றன; ஒன்றில்கூட ஒரு குரும்பை இல்லை. பேராவூரணியில் பிறந்தவளுக்குத் தென்னையைக் கண்டதும் கழுத்து தானாக அண்ணாந்துவிடும். ஏதேனும் நோய் விழுந்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் மட்டைகள் பச்சைப் பசேலென்று இருந்தன. துண்டு கொண்டுவந்த பையனிடம் கேட்டேன். விருந்தினர் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆள் ஏறிக் காய்களையும் பாளைகளையும் வெட்டி இறக்கிவிடுவார் என்று, ஏதோ நல்ல செய்தியைச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னான்.

நாங்கள் குவாதலஹாராவில் குடியேறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு ஸ்பானிய மொழி வந்துவிட்டது. புளி ‘தமரிந்தோ’ என்ற பெயரில் தாராளமாகக் கிடைக்கிறது. சோள ரொட்டி சூடாக இருந்தால் குருமாவுக்கும் தோதுப்படுகிறது. ஊர் பழகிவிட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். அந்தத் துணிச்சலில்தான், மார்ச் மாதத்து மூன்றாம் திங்களன்று வரும் பெனிட்டோ ஹுவாரெஸ் பிறந்தநாள் விடுமுறையை ஒட்டி, நீலக் கற்றாழை வயல்களைத் தாண்டி மலையிறங்கிப் பசிபிக் கரைக்கு வந்திருந்தோம்.

ஓய்வெடுப்பது இத்தனை கடினமான வேலை என்பது எங்களுக்குத் தெரியாது. காலை பத்து மணிக்கே எல்லோரும் எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் படுத்துவிட்டார்கள். அந்த வெயிலில் நாம் வடகத்தைத் தவிர வேறெதையும் காயப்போடுவதில்லை. நமக்குக் கடற்கரை என்பது, வெயில் தாழ்ந்தபின் சுண்டல் பொட்டலத்தோடு போய், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து நாலு அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவது. என் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியில் படுத்த பத்தாம் நிமிடம் எழுந்து, “அடுத்து என்ன செய்யணும்?” என்று கேட்டார். மணிக்கட்டில் கட்டிய பட்டையைக் காட்டினால் எதையும் எத்தனை முறையும் சாப்பிடலாம் என்பதால், கட்டிய பணத்தை ஈடுகட்டும் கடமையுணர்ச்சியோடு இருவரும் பழத்தட்டை இரண்டு முறை காலி செய்தோம். பிறகு நான் இளநீர் கேட்டேன். தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்கு, அட்டைப் பெட்டியிலிருந்து கண்ணாடிக் குவளையில் ஊற்றி, பனிக்கட்டி போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள்.

அதன்பிறகு கடல் என் கண்ணில் படவில்லை. வெட்டியெறிந்த பாளைகளே மனத்தில் நின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள், எங்கள் தோப்பில் மிஞ்சிய பதினோரு மரங்களை அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது நினைவுக்கு வந்தது. சாய்ந்து கிடந்தவற்றின் குலைகளில் இளங்காய்கள் அப்படியே இருந்தன. அவற்றைப் பறிக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

விடுதியின் நாற்காலிகள் ஒரு கயிற்றோடு முடிந்தன. மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து; கயிற்றுக்கு அப்பால் யாரும் நடக்கலாம். அப்படி நடந்து வந்தார் ஒரு பெரியவர், தோளில் பெரிய சுரைக்குடுக்கையோடு, “டூபா, டூபா” என்று கூவிக்கொண்டு. தென்னம்பாளையைச் சீவி இறக்குவது என்று அவர் கையசைத்துக் காட்டியதும், கயிற்றுக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டேன். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த வித்தை அது, பெயரும் அவர்களுடையதே. ஆப்பிள் துண்டும் கொட்டைப் பருப்பும் தூவிக் கொடுத்தார். அந்த அலங்காரத்தை ஒதுக்கிவிட்டுக் குடித்தால், பதநீருக்கும் புளிக்கத் தொடங்கும் கள்ளுக்கும் நடுவிலான இனிப்பு. 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கும் மாநிலத்தில் வளர்ந்தவளுக்குக் கள்ளின் சுவை எப்படித் தெரியும் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். இரண்டாவது குவளையும் வாங்கினேன். பாளையின் அருமை தெரிந்த ஒரு மனிதராவது இந்தக் கரையில் இருக்கிறாரே என்று நெஞ்சு ஆறியது.

மாலை ஏழு மணிக்கு அப்பாவை அழைத்தேன். ஊரில் அப்போது மறுநாள் காலை ஆறரை மணி. நான் பார்த்துக்கொண்டிருந்த சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்க, அவருக்கு அது தோப்புக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் சூரியன் புறப்படும் இடம். அது உள்ளே போவதைப் பார்க்க நான்கு ஆண்டுகளாகியும் எனக்குச் சரிப்படவில்லை. புயலுக்குப் பின் வைத்த கன்றுகளைப் பற்றித்தான் அப்பா பேசினார்.

“கிணத்தடிக் கன்னு பாளை விட்டுருச்சும்மா. நேத்துதான் பார்த்தேன்.”

நான் பதில் சொல்வதற்குள், “நீ போயிருக்கிற இடத்துல தென்னை உண்டா?” என்று கேட்டார்.

“நிறைய இருக்குப்பா.”

“காய்ப்பு எப்படி? ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன், பார்ப்போம்.”

“இருட்டிடுச்சுப்பா” என்றேன். சூரியன் தண்ணீருக்கு மேலே இன்னும் ஒரு சாண் உயரத்தில் இருந்தது.