அளந்து, எழுதிக் கொடுங்கள்

யூராலஜி ஓபியில் இவர்களை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. கடைசி டோக்கனாகப் பார்த்து வாங்கியிருப்பார்கள். சீட்டில் ‘நீர்க்கடுப்பு’ என்று எழுதியிருக்கும், சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் கண் கதவுப் பக்கமே போகும். சிஸ்டர் வெளியே போனால்தான் வாய் திறப்பார்கள். “சார், சைஸ் கம்மியா இருக்குதுங்க. ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு வந்தேனுங்க.”

கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுநீரகவியல் அறுவை மருத்துவராக இருக்கிறேன். ஆணுறுப்பின் அளவைப் பற்றிய இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இருபதுகளில் இருப்பவர்கள், அதிலும் கல்யாணம் நிச்சயமானவர்கள் நிறைய. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவரும் வருகிறார், மென்பொருள் வேலையில் இருப்பவரும் வருகிறார். ஆனால் அந்த ஆபரேஷனைப் பற்றி இரண்டு பேரும் நம்புவது ஒன்றேதான். அந்த நம்பிக்கைகள் தவறு என்று சொல்லிவிடுவது சுலபம். நாங்கள் அவர்களுக்குச் சொல்லும் பதில் போதவில்லை என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

ஒரு தம்பி வந்திருந்தார். திருப்பூர்க்காரர், கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மொபைலில் ஒரு விளம்பரத்தைத் திறந்து என் மேசைமேல் வைத்தார். லேசர் சிகிச்சை, அரை மணி நேரம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், 2 அங்குலம் கூடும் என்று அதில் இருந்தது. “இது நிசந்தானுங்களா சார்?” என்றார். நான் பிரிஸ்கிரிப்ஷன் பேடைத் திருப்பிப் படம் போட்டேன்.

ஆணுறுப்பு முழுவதும் வெளியே இல்லை. அதன் வேர்ப்பகுதி உடம்புக்குள் இருக்கிறது. அதை முன்பக்க இடுப்பெலும்போடு ஒரு தசைநார் கட்டி நிறுத்துகிறது. நீளம் கூட்டுவதாகச் சொல்லும் அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் செய்வது அந்தத் தசைநாரை வெட்டிவிடுவதுதான். வெட்டியதும், தளர்ந்திருக்கும்போது உறுப்பு கொஞ்சம் முன்னால் இறங்கித் தொங்கும். புதிதாகச் சதை எதுவும் வளர்வதில்லை. விறைத்த நிலையில் நீளம் பெரிதாகக் கூடாது. பிடித்து நிறுத்திய நார் போய்விட்டதால் விறைப்பின்போது உறுப்பு கீழ்நோக்கி நிற்கலாம், நிலையில்லாமல் ஆடலாம். வெட்டிய இடத்தில் தழும்பு இறுகினால் உறுப்பை உள்ளே இழுத்து இருந்ததையும் குறைத்துவிடும். அதைத் தடுக்கத்தான் ஆபரேஷனுக்கு அப்புறம் மாதக்கணக்கில் இழுவைக் கருவி மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். விளம்பரத்தில் இதெல்லாம் வராது.

லண்டன் மருத்துவர்கள் 2006இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட 42 பேரைப் பார்த்ததில், இழுத்து அளந்த நீளம் சராசரியாக 1.3 சென்டிமீட்டர் கூடியிருந்தது. திருப்தி என்று சொன்னவர்கள் 35 சதவீதம். இதைச் சொன்னபோது அந்தத் தம்பி என் மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து 1.3இல் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். “இவ்ளோதானுங்களா?” என்றார். என் படத்தைவிட அந்த ஸ்கேல்தான் அவருக்கு விளக்கமாகச் சொன்னது.

பருமன் கூட்டும் சிகிச்சை இதைவிடக் கவலை தருவது. வயிற்றிலோ தொடையிலோ உறிஞ்சி எடுத்த கொழுப்பைத் தோலுக்கு அடியில் ஏற்றுகிறார்கள். ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும், அதுவும் ஒரே சீராகக் கரையாது. ஓரிடத்தில் மேடாகவும் இன்னோரிடத்தில் கட்டியாகவும் நின்றுவிடும். நீளமும் பருமனும் சேர்த்துக் கூட்டச் சென்ற ஸ்வீடன் இளைஞர் ஒருவர், 30 வயது, கொழுப்பு ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்ததில் இறந்துபோனார். 2017இல் அது உலகம் முழுக்கச் செய்தியானது. அவருக்கு உடம்பில் வேறெந்த நோயும் இல்லை. கொழுப்பு ஊசி, தசைநாரை வெட்டுவது இரண்டுமே பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் நிலைப்பாடு. சிலிக்கோன் உறையைத் தோலுக்கு அடியில் பொருத்தும் முறையும் இருக்கிறது. சீழ் பிடித்தோ தோலை அரித்தோ அதை எடுக்க நேர்ந்தால், உள்ளே தழும்பு விழுந்து உறுப்பு சுருங்கும் அபாயம் உண்டு.

பருமன் கூடும் என்று நம்பி உறுப்பில் போட்டுக்கொள்ளும் எண்ணெய் ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், வயது நாற்பதைத் தொட்டிருக்கும், அறைக்குள் வந்ததும் உட்காராமல் நின்றார். “அங்க ரூம்ல கூட இருந்தவரு போட்டு விட்டாருங்க டாக்டர். வாசலின் மாதிரி ஏதோ ஒண்ணு.” நான் பார்த்தபோது தோல் முழுக்க இறுகிப்போய், விரலால் நகர்த்த முடியாதபடி அடியோடு ஒட்டியிருந்தது. முன்தோல் பின்னால் போகவில்லை. கீழ்ப்பக்கம் ஒரு புண் ஆறாமல் நீர் கசிந்துகொண்டிருந்தது. பாரபினையும் வாசலினையும் உடம்பால் கரைக்க முடியாது. அதைச் சுற்றித் திசுவை வளர்த்துச் சிறை வைக்கிறது, அந்தத் திசு வருடக்கணக்கில் பரவுகிறது. ஊசியால் உறிஞ்சியும் எடுக்க முடியாது, மாத்திரையும் கிடையாது. கெட்டுப்போன தோலோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, விதைப்பையின் தோலாலோ தொடைத் தோலாலோ மூட வேண்டும். அவருக்கு அதைத்தான் செய்தோம். இரண்டு கட்டமாக. ஊரிலிருந்த மனைவிக்கு ஆபரேஷன் நாள் வரை எதுவும் தெரியாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் அந்த அம்மாவுக்குச் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே” என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், தன் அளவில் திருப்தி என்று சொன்ன ஆண்கள் 55 சதவீதம். துணையின் அளவில் திருப்தி என்று சொன்ன பெண்கள் 85 சதவீதம். என் அறைக்கு வருகிறவர்களிடம் ‘யார் உங்களிடம் குறை சொன்னது?’ என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். மனைவி சொன்னதாகச் சொல்பவர் அபூர்வம். பள்ளி ஹாஸ்டலில் யாரோ கேலி செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஆபாசப் படத்தில் பார்த்ததை வைத்து அளந்திருப்பார்கள்.

அதனால்தான் முதலில் அளக்க வேண்டும் என்கிறேன். 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. மருத்துவப் பணியாளர்களே அளந்த 15,521 ஆண்களின் அளவுகளை அதில் சேர்த்திருந்தார்கள். சராசரி நீளம் தளர்ந்த நிலையில் 9.16 சென்டிமீட்டர், விறைத்த நிலையில் 13.12. இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்து மருத்துவர்கள் 2002இல், உறுப்பு சிறியது என்று வந்த 67 பேரை அளந்து பார்த்தார்கள். உண்மையிலேயே குறுகிய உறுப்பு அவர்களில் ஒருவருக்கும் இல்லை. மூன்றில் இரண்டு பங்குப் பேர் குறைப்பட்டது தளர்ந்த நிலை நீளத்தைப் பற்றி மட்டுமே. அந்த நிலை குளிருக்கும் பயத்துக்கும் சுருங்கும், விறைத்த அளவை அதை வைத்துச் சொல்லவே முடியாது. தவிர, தன் உறுப்பை எவரும் மேலிருந்து கீழே பார்க்கிறார். அந்தக் கோணத்தில் யாருக்கும் சிறியதாகத்தான் தெரியும்.

அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மடங்காத ஸ்கேலை மேல்பக்கம் வைத்து, அடிவயிற்றுக் கொழுப்பை அழுத்தி இடுப்பெலும்பில் முட்ட வேண்டும். உறுப்பை மெதுவாக இழுத்துப் பிடித்து நுனி வரை பார்க்க வேண்டும். விறைத்த நீளத்துக்கு நெருங்கிய அளவு அதுதான். உடம்பு பெருத்தவர்களுக்கு அழுத்தாமல் பார்த்த நீளத்துக்கும் அழுத்திப் பார்த்த நீளத்துக்கும் நல்ல வித்தியாசம் வரும். அவர்களிடம் எடையைக் குறைக்கச் சொல்கிறேன். வெளியே தெரியும் நீளம் கூடுவதோடு சர்க்கரையும் கட்டுப்படும். விறைப்புக் குறைபாட்டுக்குப் பெரிய காரணங்களில் சர்க்கரை நோய் ஒன்று.

அப்புறம், விறைப்பே வராத சர்க்கரை நோயாளிகளில் சிலர் ‘உள்ளே கம்பி வச்சா பெருசாகுமாமே’ என்று கேட்கிறார்கள். அந்தச் செயற்கைத் தண்டு விறைப்புக்கு மட்டும்தான். நீளம் கூட்டாது, வைத்த பிறகு இயற்கையான விறைப்புக்குத் திரும்பவும் முடியாது. மருந்துகளால் பலன் கிடைக்காதவருக்கு அது நல்ல சிகிச்சை, அளவு போதவில்லை என்று நினைப்பவருக்கு அது சிகிச்சையே இல்லை.

ஆபரேஷன் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேராவது அதற்கு முன்பே லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடம் போய் வந்தவர்களாக இருப்பார்கள். கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுத்துவிட்டது, நரம்புத் தளர்ச்சி என்று அங்கே சொல்லி அனுப்பியிருப்பார்கள். கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுக்காது. பாலுறுப்பின் அளவையும் வடிவத்தையும் மேம்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணை தெளிவாகவே தடுக்கிறது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டவர்களும் வருகிறார்கள். பருவ வயது வளர்ச்சி முடிந்த பிறகு அந்த ஊசி உறுப்பை வளர்க்காது. விந்தணு உற்பத்தியைத்தான் நிறுத்தும். குழந்தைக்காக ஏங்கும் வீட்டில் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது மனசு கனத்துப் போகிறது.

அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. விபத்தில் இழந்தவர்கள், புற்றுநோயால் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்கள், தோலுக்குள் உறுப்பு புதைந்து சிறுநீர் போவதற்கே சிரமப்படுகிறவர்கள். வளர்ந்தவருக்கு இழுத்து அளந்தும் சுமார் 7.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அதற்குத் தனியான பரிசோதனைகள் உண்டு. இவர்களுக்கான அறுவை சிகிச்சைகளில் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது.

மற்றவர்களை எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். நார்மலாக இருக்கும் ஒருவரிடம் ‘ஒண்ணுமில்ல, போய்க் கல்யாணம் பண்ணு’ என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லி அனுப்புகிறோம். அவருக்கு ஆறுதல் கிடைப்பதில்லை, இந்த டாக்டருக்குத் தெரியவில்லை என்ற முடிவுதான் கிடைக்கிறது. நேரே விளம்பரக்காரரிடம் போகிறார், அங்கே அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். சிலருக்கு எத்தனை முறை அளந்து காட்டினாலும் மனசு ஏற்காது. நாள் முழுக்க அதே நினைப்பு, வேலை கெடும், கல்யாணத்தைத் தள்ளிப் போடுவார்கள். தோற்றத்தைப் பற்றிய அந்த ஓயாத கவலைக்கு மனநல மருத்துவத்தில் சிகிச்சை இருக்கிறது. அவர்கள் மேல் கத்தி வைத்தால் கவலை தீர்வதில்லை, அடுத்த ஆபரேஷனைக் கேட்டு வருவார்கள்.

அந்தத் திருப்பூர்த் தம்பியையும் அளந்தேன். 12.5. சராசரியிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூடக் குறைவில்லை. அவர் கண்முன்னாலேயே சீட்டில் எழுதினேன். கீழே ‘இயல்பான அளவு, அறுவை சிகிச்சை தேவையில்லை’ என்று தமிழிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் ஜூனியர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன். வாயால் சொன்னது கதவைத் தாண்டுவதற்குள் போய்விடும். ஸ்கேலை வைத்து அளந்து, தேதி போட்டு எழுதி, கையில் கொடுங்கள். நாளைக்கு வேறு ஒருவர் ‘தம்பி, இது சின்னது’ என்று பணம் கேட்கும்போது எடுத்துக் காட்ட அவரிடம் ஒரு காகிதமாவது இருக்கட்டும்.