நாற்காலியோடு அகப்பட்டவர்

பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடிவருகிறவர்கள் சேர்ந்து நடத்தும் பயில்முறை நாடகக் குழு எங்களுடையது. அதில் என் பொறுப்பு, பக்கத்தட்டியின் மறைவில் நின்றுகொண்டு, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது. மேடையில் நடக்கும் குளறுபடிகளை மிக அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் இந்த வேலைக்கு உண்டு என்பதால், எங்கள் புதிய நாடகத்தைப் பற்றி உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்த விமர்சனத்தை நான் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தேன்.

சொத்துத் தகராறில் நீதிமன்றம் ஏறும் இரு சகோதரர்களைப் பற்றிய நாடகம் அது. வீட்டுக் காட்சி முடிந்ததும் விளக்குகள் அனைத்தும் அணைய வேண்டும். அந்த இருட்டில் மேடை உதவியாளர் நீதிபதியின் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறைந்துவிட வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பழகிய கண், இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். காட்சி மாற்றத்துக்குக் கிடைப்பதோ சில வினாடிகள். ஆகையால் அனுபவமுள்ளவர்கள் விளக்கு அணைவதற்குச் சற்று முன்பிருந்தே ஒரு கண்ணை மூடிவைத்திருந்து, இருட்டு வந்ததும் அதைத் திறந்து வழி பார்த்துக்கொள்வார்கள். எங்கள் உதவியாளர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். ஒரு கண்ணைத் திறக்கும்போது, வெளிச்சத்தில் கூசிப்போன மற்றொரு கண்ணை இறுக மூடிக்கொள்வதையும் வழக்கமாக வைத்திருந்தார்.

விளக்கை எப்போது ஏற்றுவது என்பதற்குப் பெரிய அரங்குகளில் நல்ல ஏற்பாடுகள் உண்டு. சைகை விளக்கு சிவப்பாக எரிந்தால் தயாராக இரு என்றும், பச்சையாக எரிந்தால் செய் என்றும் பொருள். எங்களிடம் இருந்தது ஒரு டார்ச். பக்கத்தட்டிக்குப் பின்னாலிருந்து அது ஒரு முறை மின்னினால், அரங்கின் பின்கோடியில் இருக்கும் ஒளியமைப்பாளர் விளக்கை ஏற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அன்றைக்கு டார்ச் மின்னியது. மின்னவைத்தவர், கழன்று விழுந்த தோட்டைத் தேடிக்கொண்டிருந்த அண்ணி வேடக்காரர் என்பது ஒளியமைப்பாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் மனிதர் அவர். எங்கள் குழுவில் அப்படிப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்பது என் கருத்து.

விளக்குகள் பளீரென்று எரிந்தபோது, மேடையின் நட்டநடுவில், தலைமுதல் கால்வரை கருப்பு உடையணிந்து, நாற்காலியை மார்போடு அணைத்தபடி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவையோரைப் பார்த்து நின்றிருந்தார் உதவியாளர். ஜப்பானியக் கபுகி அரங்கில் குரோகோ என்பவர்கள் கருப்பு உடையோடு எல்லோரும் பார்க்கவே பொருள்களை எடுத்துவைப்பார்கள். அவர்களை இல்லாதவர்களாகவே கருதுவது அங்குள்ள பார்வையாளர்களின் மரபு. எங்கள் பார்வையாளர்கள் அப்படி எந்த உடன்படிக்கையும் செய்துகொண்டிருக்கவில்லை. போதாக்குறைக்கு, அவருக்குப் பின்னால் இருந்த நீதிமன்றச் சுவர் வெள்ளை வெளேரென்றிருந்தது.

அவர் அசையவில்லை. அசையாதிருந்தால் தெரியாது என்று நம்பினாரோ என்னவோ. அதற்குள் வழக்கறிஞர் வேடக்காரர் தம் முறை வந்துவிட்டதென்று நினைத்து உள்ளே நுழைந்தார். நுழைந்தவுடன் நீதிபதியை வணங்குவதாகவே ஒத்திகையில் பழகியிருந்ததால், நாற்காலியோடு நின்றவரை இடுப்பு வளைத்து வணங்கினார். அவையில் கைதட்டல் எழுந்தது. அந்த ஒலியில் சுயநினைவு திரும்பிய உதவியாளர், தாம் வந்ததே இதற்குத்தான் என்பதுபோல மெதுவாகத் திரும்பி, மிகுந்த கம்பீரத்தோடு வெளியேறினார். நாற்காலியையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

பிறகு வந்த நீதிபதிக்கு உட்கார இடமில்லை. மூன்று பக்கத் தீர்ப்பை அவர் நின்றுகொண்டே வாசித்தார். நீதிபதி நிற்கும்போது தாங்கள் உட்கார்ந்திருப்பது முறையன்று என்று சகோதரர்களும் எழுந்தார்கள். முன்வரிசையில் இரண்டொருவர்கூட எழுந்து நின்றதை நான் கண்ணாரக் கண்டேன்.

செய்தியாளர் இவை அனைத்தையும் கவனித்திருந்தார். ஒரு கண்ணை மூடிய கரிய உருவம் நீதியின் பாரபட்சத்தைக் குறிப்பதாகவும், ஆசனம் பறிபோன நீதிபதி அதிகாரத்தின் வெறுமையை உணர்த்துவதாகவும், வழக்கறிஞர் அந்த உருவத்தை வணங்குவது நாடகத்தின் உச்சமென்றும் எழுதியிருந்தார். நாடகம் முழுவதும் வசனம் பேசிய கதாநாயகனுக்கு, பிறரும் தத்தம் பங்கைச் செய்தனர் என்ற வாக்கியத்தில் இடம் கிடைத்திருந்தது. அவர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. நாடகாசிரியரோ, அந்த உருவம் தொடக்கத்திலிருந்தே தம் மனத்தில் இருந்ததாகவும், எழுத மட்டுமே விட்டுப்போனதாகவும் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அடுத்த நிகழ்ச்சியில் அந்தக் காட்சியை அப்படியே வைத்துக்கொள்வதென்று இயக்குநர் முடிவெடுத்ததிலிருந்து ஒத்திகை நரகமாகிவிட்டது. நடிக்கச் சொன்னவுடன் உதவியாளருக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை. இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்கின்றன, அல்லது இரண்டும் சேர்ந்து விழித்துக்கொள்கின்றன. வழக்கறிஞர் தாம் ஏன் வணங்குகிறார் என்பதற்குக் காரணம் கேட்கிறார். முன்பு திட்டு வாங்கிய ஒளியமைப்பாளர், இப்போது தவறான நேரத்தில் விளக்கை ஏற்றச் சொல்வதை எழுத்துமூலம் தரும்படி வற்புறுத்துகிறார். இவற்றுக்கெல்லாம் மேலாக, நடிகராகிவிட்ட தாம் இனி மேசை நாற்காலி சுமப்பது பொருத்தமாக இராது என்று உதவியாளர் இயக்குநரிடம் பணிவாகத் தெரிவித்துவிட்டார். மேடைக்கு மிக அருகில் சும்மா நிற்பவன் என்ற தகுதியில் அந்த வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. தைக்கக் கொடுத்த கருப்புச் சட்டை நாளை வரும்.