நாம எந்தக் கார்டு?

2023 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மகள் வழக்கம்போல புத்தகப்பையைச் சோபாவில் கவிழ்த்தாள். டிபன் டப்பா, நோட்டு, பாதி தின்ற ஆப்பிள், அதோடு ஊதா நிறக் கம்பளி நூல் கோத்த ஒரு அட்டை. கழுத்தில் மாட்டிக்கொள்கிற நீளத்துக்கு நூல். அட்டையில் தடித்த மார்க்கரில் ஆங்கிலத்தில் ‘அன்டச்சபிள்’ என்று எழுதியிருந்தது. மூலையில் அவளே ஒரு சின்னப் பூ வரைந்து வைத்திருந்தாள்.

“சோஷியல் ஸ்டடீஸ்ல குடுத்தாங்க. கூடையில கையை விட்டு எடுக்கணும். எனக்கு இது வந்துச்சு.”

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், மிடில்செக்ஸ் கவுன்டி. எந்தத் தெருவில் திரும்பினாலும் நம்மூர்க்காரர்கள் நாலு வீடு இருப்பார்கள். ஆறாம் வகுப்பில் பண்டைய நாகரிகங்கள் பாடம். மெசபடோமியா, எகிப்து முடிந்து இந்தியா வந்திருந்தது. டீச்சர் கூடையில் அட்டைகளைப் போட்டு, நான்கு வருணமும் அதற்கு வெளியே ஒன்றுமாகப் பிள்ளைகளைப் பிரித்திருக்கிறார். ‘பிராமின்’ அட்டை வந்தவர்களுக்கு முன்வரிசையும் கை நிறைய சாக்லேட்டும். ‘சூத்ரா’ அட்டைக்காரர்கள் மற்றவர்களின் மேஜையைத் துடைக்க வேண்டும். என் மகளும் இன்னும் மூன்று பேரும் கதவோரம் தரையில் உட்கார வேண்டும், யாரோடும் பேசக் கூடாது. நாற்பது நிமிஷம். நடுவில் டீச்சர் இவளைப் பார்த்து, “உன் பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தானே, உங்கள் குடும்பம் இதில் எது என்று தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பையன்கள் இவள் உட்கார்ந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சிரித்துக்கொண்டே நகர்ந்திருக்கிறார்கள்.

அதைக்கூட அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. “அம்மா, டீச்சர் கேட்டாங்கல்ல. நெஜமா நாம எந்தக் கார்டு?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவில்லை. மேலூர் பக்கம் எங்கள் அப்பத்தா வீட்டில் பின்கட்டுச் சுவரின் மாடத்தில் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்தபடியே இருக்கும். வயல் வேலைக்கு வருகிறவர்கள் அதை அவர்களே எடுத்து, குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். நான் அதைத் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதாகவும் நினைவில்லை.

அன்று ராத்திரி டீச்சருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஒன்றரைப் பக்கம், கோபம் கொப்பளிக்கிற மாதிரி. அனுப்பவில்லை. மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் பக்கத்துத் தெரு அம்மாவிடம் காட்டினேன். ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பம். அவருடைய மகனும் என் மகளும் நான்காம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். முழுசாகப் படித்துவிட்டு, “இதில் நான்கு வரிதான் உனக்கு வேண்டும்” என்றார். என்ன நடந்தது, எந்தத் தேதி, லெசன் பிளானைப் பார்க்க வேண்டும், எப்போது சந்திக்கலாம். “உன் கோபத்தை எழுதினால் உன் கோபத்தைப் பற்றித்தான் பதில் வரும்” என்றார்.

இவருக்கு எப்படி இத்தனை தெரிகிறது என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்தார். “நாலாம் வகுப்பு. ஜிம்மில் விளக்கை அணைத்து விளையாடினார்களே, ஞாபகம் இல்லையா?”

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. தெற்கு மாநிலங்களின் அடிமைகள் வடக்கே தப்பிப் போன ரகசிய வழிகளை இங்கே அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோடு என்பார்கள். நியூ ஜெர்சி வழியாகவும் அப்படிப் போயிருக்கிறார்கள். அந்தப் பாடத்துக்காகப் பாதிப் பிள்ளைகளைத் தப்பி ஓடுகிறவர்களாகவும் மீதியைப் பிடிக்கிறவர்களாகவும் வைத்து இருட்டில் விளையாட விட்டார்கள். என் மகள் பிடிக்கிற கட்சி. “அம்மா, நான் மூணு பேரைப் பிடிச்சேன்!” என்று குதித்துக்கொண்டு வந்தாள். நான் சிரித்துவிட்டு தோசை ஊற்றிக் கொடுத்தேன். அந்த மூன்று பேரில் ஒருவன் இவர் மகன். இவர் அப்போது தனியாளாகப் புகார் கொடுத்து, மூன்று மாதம் அலைந்திருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்த்தவள்தான் நான். எனக்குத் தெரியவே தெரியாது.

சரி, நான்கு வரி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. பிள்ளைகள் அநீதியை உணர்ந்து பார்க்கட்டும் என்றுதான் செய்தேன், புண்படுத்தும் எண்ணமில்லை என்று.

இதற்குள் எங்கள் வகுப்பு இந்தியப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு தீப்பிடித்திருந்தது. நான்தான் பற்ற வைத்தது, அட்டையைப் படம் எடுத்துப் போட்டு. நம் மதத்தைக் கேவலப்படுத்துகிறார்கள், ஜாதி என்ற வார்த்தையே பாடத்தில் வரக் கூடாது என்று கேட்போம் என்றார்கள் சிலர். டீச்சரைப் பகைத்துக்கொண்டால் மார்க்கில் கை வைப்பார், விட்டுவிடுங்கள் என்றார்கள் சிலர். இவர்கள்தான் அதிகம். எங்கள் வீட்டுக்காரரும் இந்தக் கட்சிதான். ஜாதியெல்லாம் வெள்ளைக்காரன் உண்டாக்கியது என்று ஒருவர் எட்டு லிங்க் அனுப்பினார்.

ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாக ஒரு செய்தி. குழுவில் வாயே திறக்காத ஒரு அம்மா. “அக்கா, ஜாதியே பாடத்துல வேணாம்னு மட்டும் எழுதிடாதீங்க. எங்க பசங்களுக்கு நாங்க இன்னும் எதுவும் சொல்லல. ஸ்கூல்ல ஒழுங்கா சொல்லிக் குடுத்தா எங்களுக்கு ஒரு வழி கிடைக்கும்னு நெனச்சிருந்தேன். என் பேரு எங்கயும் வர வேணாம்.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் நான் என்ன கேட்கப் போகிறேன் என்பது அந்தச் செய்திக்குப் பிறகுதான் எனக்கே தெளிவானது.

அடுத்த வாரம் சந்திப்பு. டீச்சர், சமூக அறிவியல் பாடங்களுக்கான சூப்பர்வைசர், நான். பக்கத்துத் தெரு அம்மா ஒரே ஒரு கேள்வி சொல்லிக் கொடுத்திருந்தார். இந்தச் செயல்பாடு கல்வி வாரியம் ஒப்புதல் கொடுத்த பாடத்திட்டத்தில் இருக்கிறதா? பாடத்திட்டம் பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். நான் முதல் நாளே பார்த்துவிட்டுத்தான் போனேன். அதில் அட்டையும் இல்லை, கூடையும் இல்லை. ஆசிரியர்கள் பாடங்களை விற்கும் ஏதோ ஒரு தளத்திலிருந்து சில டாலர் கொடுத்து இறக்கியது என்று டீச்சரே சொன்னார். பாவம், அவர் மறைக்கவில்லை. ஜேன் எலியட்டை உதாரணம் காட்டினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவாவில் ஒரு சின்ன ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்துப் பாகுபாடு எப்படி இருக்கும் என்று காட்டிய ஆசிரியை.

எனக்கு அந்தக் கதை தெரியும். “அந்த வகுப்பில் எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். பயிற்சி முடிந்து கண் நிறத்தோடு வீட்டுக்குப் போனால் அங்கே அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. என் மகளிடம் நீங்கள் கேட்ட கேள்வி வீடு வரைக்கும் வந்துவிட்டது” என்றேன். அப்புறம் சூப்பர்வைசரிடம் கேட்டேன். நியூ ஜெர்சியில் யூத இனப்படுகொலையைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று 1994 முதல் சட்டம் இருக்கிறது. அதற்கு இப்படி ஒரு கூடை வைப்பீர்களா? அவர் உடனே, “நிச்சயமாக மாட்டோம்” என்றார். வாஷிங்டனில் இருக்கிற ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகமே அப்படிப் பாவனை செய்து நடத்தாதீர்கள் என்று ஆசிரியர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது, எங்கள் பயிற்சியிலும் அது உண்டு என்றார். சொல்லி முடித்ததும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டீச்சர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

இதோடு முடியும் என்று நினைத்தேன். பிரின்சிபல் கூப்பிட்டார். சாப்பாட்டு மேஜை விஷயத்தை எச்.ஐ.பி. புகாராகப் பதிகிறீர்களா என்று கேட்டார்.

இங்கே பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. தொல்லை, மிரட்டல், கொடுமைப்படுத்தல் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்தான் எச்.ஐ.பி. 2011இல் நடைமுறைக்கு வந்த நியூ ஜெர்சிச் சட்டம். இனம், நிறம், மதம், பூர்விகம் எல்லாம் அதில் அடக்கம். புகார் பதிவானால் பள்ளியின் விசாரணை அலுவலர் பத்துப் பள்ளி நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். முடிவு சூப்பரிண்டெண்டென்ட், அதாவது ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை அதிகாரி, வழியாக வாரியத்துக்குப் போகும். திருப்தி இல்லையென்றால் பெற்றோர் வாரியத்திடம் நேரடி விசாரணை கேட்கலாம். கெடு, படிவம், கையெழுத்து எல்லாம் கறாராக இருக்கும். நிஜமாகவே ஒரு பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் தயங்காமல் பதியுங்கள்.

ஆனால் என் விஷயத்தில் பதிந்தால் விசாரணை யார் மேல்? பதினொரு வயதுப் பையன்கள் இரண்டு பேர் மேல். காலையில் வகுப்பில் “இவளைத் தொடாதே” என்று சொல்லிக் கொடுத்ததை மதியம் சாப்பாட்டு மேஜையில் செய்தவர்கள். பள்ளி செய்ததைப் பிள்ளைகள் தலையில் கட்ட இது வசதியான வழி. பிரின்சிபல் அப்படித் திட்டம் போட்டார் என்று சொல்ல மாட்டேன்; அவர் கையில் இருந்த படிவம் அது ஒன்றுதான். படிவத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பையன்களின் அம்மாக்களிடம் நானே போனில் பேசினேன். ஒருவர் அழுதேவிட்டார். மற்றவர், “விளையாட்டுதானே” என்றார். தோசைக் கரண்டியோடு நான் நின்ற நாள் ஞாபகம் வந்தது. அவரோடு சண்டை போடவில்லை.

நவம்பரில் வாரியக் கூட்டம். பள்ளி நூலகத்தில் மடக்கு நாற்காலிகள். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு வைத்த ஒரு சின்னப் பெட்டி முன்னால் இருக்கும். வாரிய உறுப்பினர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், கேட்டுக் குறித்துக்கொள்வதோடு சரி. இது தெரியாமல் எனக்கு முன்னால் பேசிய ஒருவர் பதிலுக்காக ஒரு நிமிஷம் நின்றே வீணாக்கினார். எங்கள் குழுவிலிருந்து வந்த இரண்டு அப்பாக்கள் ஜாதி என்ற சொல்லையே எடுக்கச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் 2005-06இல் ஆறாம் வகுப்புப் புத்தகங்களை வைத்து நடந்த அதே சண்டைதான், அதே வாசகங்கள். ஒரு வெள்ளைக்காரத் தாத்தா எழுந்து, இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் யாராவது புண்படுகிறார்கள், டீச்சரை விட்டுவிடுங்கள் என்றார். அவருக்கும் கைதட்டல் கிடைத்தது.

நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். ஜாதியை எடுக்காதீர்கள், கூடையை எடுங்கள் என்பதுதான் சாரம். அம்பேத்கர் சின்ன வயதில் பள்ளிக்குத் தன் கோணியைத் தானே கொண்டுபோய்த் தரையில் போட்டு உட்கார்ந்தார். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை 1913இல், இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் இருக்கிற நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார். இதைச் சொன்னால் ஆறாம் வகுப்புக்குப் புரியாதா? யாரையும் தரையில் உட்கார வைக்காமலே புரியும். மஞ்சள் விளக்கு வந்ததும் குரல் நடுங்க ஆரம்பித்தது. பின்வரிசையில் பக்கத்துத் தெரு அம்மா கைகட்டி உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. “என்னுடைய மூன்று நிமிஷம் அப்போதே முடிந்துவிட்டது” என்று முன்பே சொல்லியிருந்தார்.

டிசம்பரில் சூப்பரிண்டெண்டென்டிடமிருந்து கடிதம் வந்தது. அந்தச் செயல்பாடு பாடத்திட்டத்தோடு ஒத்துப்போகவில்லை, இனி நடக்காது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படும், எல்லாப் பிள்ளைகளும் மதிக்கப்படும் சூழலுக்கு உறுதிபூண்டிருக்கிறோம். படித்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் போனில் தேடித் தனக்கு வந்த பழைய கடிதத்தை எடுத்து என் கடிதத்தோடு சேர்த்துப் பிடித்தார். தேதியும் பாடத்தின் பெயரும் தவிர ஒரு வரி மாறவில்லை. ‘உறுதிபூண்டிருக்கிறோம்’ வரை அப்படியே. இரண்டு பேரும் சிரித்தோம், வேறென்ன செய்ய.

அந்த இரண்டு கடிதங்களையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். பயிற்சி எப்போது நடந்தது, யார் நடத்தியது, பாடத்தில் என்ன மாறியது? கோரிக்கை எதுவும் வைக்கவில்லை, இந்த மூன்று கேள்விகள்தான். ஒரு மாதம் சத்தமே இல்லை. பிறகு சூப்பர்வைசர் கூப்பிட்டார். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் பாடம் திருத்தி எழுதும்போது அடிமை முறை, பண்டைய இந்தியா இரண்டு அலகுகளையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜூலையில் வரைவைக் காட்டினார்கள். முதல் வரைவில் ஜாதி ஒரே வாக்கியமாகச் சுருங்கி, உழவு, வாணிகம், கோயில் என்று மற்றதெல்லாம் இருந்தது. வம்பே வேண்டாம் என்று வெட்டியிருந்தார்கள். குழுவில் கேட்டிருந்தால் பாதிப் பேர் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் மறுபடி எழுதினேன். அதே டீச்சர்தான் கடைசியில் கோணியையும் தண்ணீர்க் குழாயையும் உள்ளே கொண்டுவந்தார். அம்பேத்கர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று என்னிடம் போனில் மூன்று தரம் கேட்டுக்கொண்டார்.

மகளிடம் டம்ளர் கதையைச் சொல்ல எனக்கு ஜனவரி வரை ஆனது. காரில் போகும்போது சொன்னேன், அப்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. “அந்த டம்ளர்ல குடிச்சவங்க பேரெல்லாம் என்ன?” என்று கேட்டாள். ஒரு பெயர்தான் ஞாபகம் இருந்தது. அதுவும் சரியான பெயரா, நாங்கள் கூப்பிட்ட பெயரா என்று சந்தேகம்.

2024 அக்டோபரில் புதுப் பாடம் நடந்தது. என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ராத்திரி தனிச் செய்தி அனுப்பிய அம்மாவின் இளைய பையன் அந்த வகுப்பில் இருந்தான். அன்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

“இன்னிக்குதான் நடத்துனாங்களாம் அக்கா. ஒண்ணும் சொல்லல. வந்து நல்லா சாப்பிட்டான்.”