கொடுப்பவருக்கும் ஓர் ஓட்டு

நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவது என் தொழில். லண்டனில் ஒரு மருத்துவ அறக்கட்டளையின் நிதி திரட்டும் பிரிவில் இருக்கிறேன். முதல் பத்தியில் ஒரு நோயாளியின் பெயர், இரண்டாவதில் தொகை, மூன்றாவதில் அதே தொகை இன்னும் கொஞ்சம் உருக்கமாக, கையெழுத்துக்குக் கீழே கட்டாயம் ஒரு பின்குறிப்பு. உறையைப் பிரிப்பவர் பின்குறிப்பைத்தான் முதலில் படிக்கிறார் என்பது எங்கள் துறையில் வேதவாக்கு. உள்ளே மலிவான பேனா ஒன்றை வைத்தால் வசூல் கூடும் என்று நம்புகிற கூட்டமும் உண்டு. எழுதி எழுதி, நன்கொடையாளர் என்றாலே கண்ணைத் துடைத்துக்கொண்டே கார்டு எண்ணைத் தட்டுகிறவர் என்று ஒரு பிம்பம் மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பிம்பத்தைக் கலைத்தவை, விடுமுறைகளில் நான் போகிற அறிவியல் புனைவு மாநாடுகள்.

பிரிட்டனில் ஈஸ்டர் விடுமுறையில் ஆண்டுதோறும் ஒன்று நடக்கும். ஏதோ ஓர் ஊரின் ஓட்டலில் நாலு நாள் கருத்தரங்கு, புத்தகக் கடை, நள்ளிரவு தாண்டியும் பாரில் அரட்டை. அங்கே ஒரு மேசையில் ஓட்டுச் சீட்டு ஒன்று கிடந்தது. அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி, சுருக்கமாக டாஃப். ஐரோப்பாவிலிருந்து ஒரு ரசிகரை அமெரிக்க மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். யாரை அனுப்பலாம் என்று ஓட்டுப் போடுங்கள், ஓட்டோடு சில பவுண்டாவது கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வேட்பாளர் ஒவ்வொருவரும் நூறு சொல்லுக்குள் தன்னைப் பற்றி எழுதியிருந்தார்கள். பாதி கேலி. பெயர்களுக்குக் கீழே கடைசியாக இன்னொரு கட்டம். பணத்தை அப்படியே வைத்திருங்கள், இந்த முறை யாரும் போக வேண்டாம் என்பவர்கள் அதில் குறிக்கலாம்.

நான் அதை இரண்டு தரம் படித்தேன். பணம் கேட்கிற படிவத்திலேயே, நீங்கள் காட்டுகிற ஆட்கள் யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல இடம் விட்டிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு படிவத்தை அச்சுக்கு அனுப்பியிருந்தால் அன்று மாலையே என்னை அறைக்குள் கூப்பிட்டிருப்பார்கள்.

இதன் கதை பழையது. பெல்ஃபாஸ்ட்டில் வால்ட் வில்லிஸ் என்ற ரசிகர் கையால் அச்சுக்கோத்து ஓர் இதழ் நடத்தினார். கடல் தாண்டியும் அதற்கு வாசகர்கள். அவரை அமெரிக்காவுக்கு வரவழைத்தே தீர்வது என்று ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஷெல்பி விக் வசூலில் இறங்கினார். வில்லிஸ் 1952இல் சிகாகோவில் நடந்த உலக மாநாட்டுக்குப் போய் வந்தார். இவ்வளவு நன்றாக நடந்ததை ஒரு முறையோடு விடுவானேன் என்று 1953இல் அதையே நிரந்தர நிதியாக்கினார்கள். ஒரு முறை இங்கிருந்து அங்கே, மறுமுறை அங்கிருந்து இங்கே. ஆஸ்திரேலியாவையும் வட அமெரிக்காவையும் இணைக்கும் டஃப் 1972இல் வந்தது. ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே கஃப் 1979இல்.

விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடியது. வேட்பாளரைச் சொந்தக் கரையில் மூன்று பேரும் எதிர்க்கரையில் இரண்டு பேரும் முன்மொழிய வேண்டும். அதாவது, போகிற ஊரிலும் ஆளைத் தெரிந்த இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஓட்டு எண்ணும்போதும் இரு கரையிலும் முதல் விருப்ப ஓட்டில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைத்தால்தான் வெற்றி. உள்ளூரில் நண்பர்களைத் திரட்டி மட்டும் ஜெயிக்க முடியாது. ஜெயித்தவர் பயணம் முடிந்து திரும்பியதும் பயணக் கட்டுரை எழுத வேண்டும். அதோடு, நிதியின் நிர்வாகியாகவும் பொறுப்பேற்க வேண்டும். அடுத்த ஆளுக்கான வசூல், தேர்தல், கணக்கு எல்லாம் அவர் தலையில்.

எங்கள் கணக்குப் பிரிவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். மதியச் சாப்பாட்டின்போது இதை அவரிடம் விவரித்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இது எங்கட சீட்டுப் போலத்தானே தம்பி. எடுத்த ஆள் ஓடேலாது.”

சரியாகத்தான் சொன்னார். சீட்டை எடுத்தவர் மிச்சத் தவணையைக் கட்டியாக வேண்டும். இங்கே எடுத்தவர் மிச்சப் பேரிடம் போய்க் கேட்டாக வேண்டும். எங்கள் கடிதங்களில் வாங்குகிறவர் ஒரு புகைப்படம், அவ்வளவுதான். கொடுத்தவர் முன்னால் வந்து நின்று இப்போது நீங்கள் கொடுங்கள் என்று அவர் கேட்க வேண்டியதே இல்லை. கேட்க விடவும் மாட்டோம், அது எங்கள் வேலை. டாஃபில் அந்த இடைத்தரகர் ஆசனமே கிடையாது. நேற்று பயணப்பட்டவர் இன்று உண்டியலோடு நிற்கிறார். உண்டியலில் போடுகிறவர் நாளைக்குப் பயணப்படலாம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் இது ஓடிக்கொண்டிருப்பதற்கு நான் காண்கிற காரணம் இதுதான். அலுவலகம் இல்லை, சம்பளம் வாங்குகிற என்னைப் போன்ற ஆளும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. பயணக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னவர்களில் பலர் எழுதவில்லை. சிலர் பல ஆண்டுகள் கழித்துக் கொடுத்தார்கள், சிலரிடமிருந்து இனி எதிர்பார்ப்பதற்கில்லை. எங்கள் இடத்தில் அறிக்கை தாமதமானால் அடுத்த தவணை நின்றுபோகும். அங்கே அது தலைமுறை தலைமுறையாக ஒரு நகைச்சுவை. எழுதிக் கொடுத்தவர்களின் கட்டுரைகள் நிதிக்குச் சொத்தாகின்றன. அவற்றில் பல இப்போது மின்னூலாக இலவசம். படித்துப் பிடித்தால் ஏதாவது போடுங்கள் என்று ஒரு வரி, பின்குறிப்பு இல்லாமல்.

அப்புறம் ஏலம். இந்த நிதிகளுக்குப் பெரிய வரவு அதில்தான். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மேசை மேல் ஷில்லிங்கில் விலை போட்ட பழைய பேப்பர்பேக்குகள், ரோனியோ போட்ட ரசிகர் இதழ்கள் ஒரு கட்டு, யாரோ பின்னிய கம்பளி வேற்றுக்கிரகவாசி. ஏலம் விட்டவர் அட்டை பாதி கிழிந்த ஒரு நாவலைத் தூக்கிக் காட்டினார். “இதை மூன்று மாநாடுகளில் விற்றிருக்கிறேன். வாங்கிய எல்லாரும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.” ஒருவர் இரண்டு பவுண்டு என்றார். கேள்வி அதற்கு மேல் ஏறவில்லை. “யாரும் ஏற்றாவிட்டால் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பேன்” என்று மிரட்டினார். படிக்காமல் இருக்க ஐந்து பவுண்டு என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா. படித்தே ஆக வேண்டும், எட்டு, என்று ஓர் இளைஞன். அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் பதினொரு பவுண்டுக்குப் படிக்கும் கட்சி ஜெயித்தது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அவர் ஏற்ற இறக்கத்தோடு படித்தார், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இரண்டு பவுண்டு கேட்டவருக்குப் புத்தகத்தைச் சும்மாவே கொடுத்தார்கள்.

தொழில்புத்தி எங்கே போகும்? நான் வரிக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பிரிட்டனில் வரி கட்டுகிற ஒருவர் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு ஒரு பவுண்டு கொடுத்தால், அரசிடமிருந்து அது இன்னும் 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். ஏலத்தில் பொருள் வாங்கினால் முழுத் தொகைக்கும் அந்தச் சலுகை கிடையாது. பொருளின் சந்தை விலை தெரிந்திருந்து, அதற்கு மேல் கொடுத்த தொகையை மட்டும் கொடையாகக் கணக்கில் எடுக்கலாம். சரி, ஒரு புத்தகத்தைப் படித்துக் காட்டியதற்குச் சந்தை விலை என்ன? அக்காவிடம் கேட்டேன். இப்படியான கேள்விகளோடு தன் மேசைப் பக்கம் வரவேண்டாம் என்றுவிட்டார்.

கதையில் வரும் பாத்திரத்துக்கு உங்கள் பெயர் வைக்கும் உரிமையையும் ஏலம் விடுவார்கள். இந்த வழக்கத்துக்கு மூலபுருஷர் வில்சன் டக்கர், நண்பர்களின் பெயர்களைத் தன் கதைகளுக்குள் நுழைத்துக்கொண்டே இருந்தவர். எழுத்தாளருக்கு இதில் காசு செலவு இல்லை, வாங்குகிறவருக்கோ ஒரு சின்ன அமரத்துவம். நான் பார்த்தவரை, வாங்குகிறவர்கள் நாயகனாக வர ஆசைப்படுவதில்லை. மோசமாகச் செத்துப்போக வேண்டும் என்கிறார்கள்.

தங்கள் வட்டத்துக்கு வெளியே பணம் போக வேண்டும் என்கிறபோதும் இந்தக் குணம் மாறுவதில்லை. மிகுபுனைவு எழுதும் ஜிம் ஹைன்ஸ் 2012இல் ஒரு காரியம் செய்தார். நாவல் அட்டைகளில் பெண்கள் முதுகெலும்பே இல்லாதவர்கள் போல முறுக்கிக்கொண்டு நிற்பார்களே, அதே போல் அவர் நின்று படம் எடுத்துக்கொண்டார். ஆண்டு முடிவில் அதையே வசூலாக்கி, அறிவியல் புனைவு எழுத்தாளர் ஜான் ஸ்கால்சியோடு போட்டிக்கு நின்றார், கடைசியில் இன்னும் சில எழுத்தாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 15,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த இடம், ஐகார்டி நோய்க்கான அமைப்பு. பெரும்பாலும் பெண் குழந்தைகளைத் தாக்கும் அபூர்வமான மரபணுக் கோளாறு அது. அபூர்வ நோய்க்கு நிதி கேட்பது எங்கள் தொழிலிலேயே கடினமானது. உறவில் யாருக்கும் வந்திராத நோய்க்கு யார் கொடுப்பார்? தாடி வைத்த ஆம்பளை முதுகை வளைத்து நின்றால் கொடுப்பார்கள் என்று எந்தப் பயிற்சிக் கையேடும் எனக்குச் சொன்னதில்லை.

2010இல் ஸ்கால்சி ஓர் ஓவியம் வரையச் சொன்னார். நடிகர் வில் வீட்டன் இறக்கையும் கொம்பும் முளைத்த பூனைக்குட்டி மேல் ஏறி வருகிறார், பச்சை நிற அரக்கனாக ஸ்கால்சி எதிர்த்து நிற்கிறார், பின்னால் எரிமலை. இந்தப் படத்துக்குக் கதை எழுதுங்கள் என்று போட்டி. ஜெயித்த கதையை, பெயர்பெற்ற எழுத்தாளர்கள் எழுதிய கதைகளோடு சிறு மின்னூலாக்கி, விருப்பப்பட்டதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பணம் லூபஸ் நோயாளிகளுக்கான அமைப்புக்குப் போனது. இதை நான் அலுவலகத்தில் எடுத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு குலுக்கிப் பரிசு கொடுத்தால் இங்கே 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி அது லாட்டரி, அதற்கு வேறு சட்டதிட்டம். திறமைக்குப் பரிசு என்றால் அந்தத் தலைவலி இல்லை. என் பார்வையில், குலுக்கலை விடக் கதைப் போட்டி நல்ல வசூல் முறையும்கூட. குலுக்கலில் தோற்றவன் சீட்டைக் கிழித்துப் போடுவான், கதை எழுதித் தோற்றவனோ அந்த நோயின் பெயரை மறக்க மாட்டான்.

மிகுபுனைவு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் விஷயத்தில் மட்டும் நான் வாசகனாகவும் ஊழியனாகவும் ஒரே நேரத்தில் ஆடிப்போனேன். தனக்கு அல்சைமர் என்று 2007 டிசம்பரில் அறிவித்தவர், 2008 மார்ச்சில் அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில் வெறும் 3 சதவீதம்தான் இதற்கு வருகிறது என்று கோபப்பட்டார். உடனே வாசகர்கள், அவர் கொடுத்ததற்கு ஈடாக நாங்கள் சேர்க்கிறோம் என்று கிளம்பினார்கள். ‘ஈடு கொடை’ எங்கள் துறையின் பழைய அஸ்திரம், ஆனால் வழக்கமாகத் திசை நேர்மாறு. பொதுமக்கள் கொடுப்பதற்கு ஈடாகப் பணக்காரர் ஒருவர் போடுவார். பணக்காரருக்கு ஈடாகப் பொதுமக்கள் போடப் புறப்பட்டதை நான் அங்கேதான் பார்த்தேன்.

பணமே இல்லாத வசூலும் உண்டு. அறிவியல் புனைவு எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் அரிய ரத்த வகைக்காரர். அறுவை சிகிச்சையில் முன்பின் தெரியாதவர்களின் ரத்தம் அவரைக் காப்பாற்றியது. 1976இல் கான்சஸ் சிட்டி உலக மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தபோது, என் கையெழுத்து வேண்டுமானால் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். மாநாடுகளில் ரத்ததான முகாம் இன்றும் அவர் பெயரில் தொடர்கிறது.

2004 சுனாமியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்காக அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் கதைகள் கொடுத்து ‘எலிமெண்டல்’ என்றொரு தொகுப்பு 2006இல் வந்தது. பணம் சேவ் த சில்ட்ரன் அமைப்பின் சுனாமி நிவாரணத்துக்கு. முன்னுரை ஆர்தர் சி. கிளார்க், 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்தவர், ஹிக்கடுவையில் இருந்த அவருடைய ஆழ்கடல் நீச்சல் நிலையத்தையும் அலை விட்டுவைக்கவில்லை. ஒன்றரை ஆண்டு தாமதம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பேரிடர்ப் பணம் முதல் சில வாரங்களில் கொட்டும், கேமராக்கள் கிளம்பியதும் நின்றுவிடும். வீடு கட்டவும் படகு வாங்கவும் பணம் தேவைப்படுவது அதற்கு அப்புறம்தான்.

இந்த வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். ஏல அறையில் திரும்பிப் பார்த்தால் கறுத்த முகம் நான் ஒருவன்தான் என்று பல முறை இருந்திருக்கிறது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் முன்மொழிகிற ஏற்பாட்டில், யாரையும் தெரியாதவர் வாசலிலேயே நிற்பார். 2009இல் தொடங்கிய கான் ஆர் பஸ்ட் என்ற உதவி முயற்சி, வெள்ளையரல்லாத ரசிகர்கள் மாநாட்டுக்கு வரப் பயணச் செலவும் நுழைவுக் கட்டணமும் கொடுத்தது. அந்தப் பணமும் ஏலத்தில் திரட்டியதுதான். கொழும்பில் பிறந்த தமிழ்ப்பெண் மேரி ஆன் மோகன்ராஜ் அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் இதழ், ஆசிரியர் குழு சம்பளம் வாங்காமல், வாசகர் நன்கொடையில் எழுத்தாளருக்குச் சன்மானம் கொடுத்து நடக்கிறது. வசூல் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் கூடுதலாக ஒரு கதையோ கவிதையோ வெளியிடுவார்கள். கொடுத்தவர் மட்டும் என்றில்லாமல் எல்லாரும் படிக்கலாம்.

இவ்வளவும் பார்த்துவிட்டு அலுவலகத்தில் சும்மா இருக்க முடியவில்லை. நோயாளிகள் நடத்தும் சிறு குழுக்களுக்கு நாங்கள் கொடுக்கிற மானியத்தில் ஒரு பகுதியை நன்கொடையாளர் ஓட்டுக்கு விடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நாலு குழுக்களின் பெயர், ஐந்தாவதாக ‘இந்த முறை யாருக்கும் வேண்டாம்’. ஓட்டு யோசனை கூட்டத்தில் எல்லாருக்கும் பிடித்தது. ஐந்தாவது கட்டத்தைப் பார்த்ததும் மேலாளர் பேனாவை எடுத்தார்.

“நம்மை நாமே சந்தேகப்படுவது போல இருக்காதா?”

“அவர்கள் சந்தேகப்பட இடம் கொடுக்கிறோம்.”

“எல்லாரும் அதையே குறித்துவிட்டால்?”

“அப்படியானால் நாம் பட்டியலைச் சரியாகப் போடவில்லை என்று தெரியும்.”

கட்டம் போய்விட்டது, படிவம் நாலு பெயரோடு அச்சாகிப் போனது. ஓட்டு நிறையவே வந்தது. கூடவே சிலர் ஓரத்தில் கையால் எழுதியிருந்தார்கள்: முதல் இரண்டு குழுக்களும் ஒரே ஊர், ஏன்? இந்த ஆண்டு யோசனையைத் திருத்தி மறுபடியும் கொடுத்திருக்கிறேன், ஐந்தாவது கட்டத்தோடும் ஓரக் குறிப்புகளின் நகலோடும். அனுப்புமுன் அக்கா ஒரு தரம் படித்துப் பார்த்து, வென்ற குழு அடுத்த வருசம் எங்களோடு சேர்ந்து வசூலுக்கு வருமோ என்று கேட்டார். அதையும் ஒரு விதியாகச் சேர்த்துவிட்டேன். கூட்டம் அடுத்த மாதம்.