"எதுலண்ணே சரியாச்சு?"

பட்டறைக்கு வண்டி கொண்டுவந்த பூப்பாறைத் தம்பி இப்படிக் கேட்டபோது "பிளக்குதான் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பழைய மாருதி ஆம்னி வேன், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் வைத்தது, 796 சிசி, மூன்று சிலிண்டர். போடிமெட்டு மலை ஏற 17 கொண்டை ஊசி வளைவு; பாதிக்கு மேல் இழுவையே இல்லை, பெட்ரோலும் குடிக்குது என்று கொண்டுவந்தார். மூன்று ஸ்பார்க் பிளக்கும் விளக்குக் கரியாட்டம் கறுப்பு. விரலில் ஒட்டுகிற வறண்ட கரி, எண்ணெய்ப் பசை இல்லை. அப்படியென்றால் பிஸ்டன் ரிங் நன்றாக இருக்கிறது, பெட்ரோல்தான் அதிகம். ஏர் ஃபில்டர் நிறையத் தோட்டத்து மண். சோக் கேபிள் இறுகி, காற்றை மறிக்கிற தட்டு முழுசாகத் திறக்காமல் நின்றது. கீழே போடி ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. 1,400 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு அது எங்கே தெரியப்போகிறது? ஊற்றுவதை ஊற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஃபில்டரை மாற்றி, கேபிளுக்கு எண்ணெய் விட்டாயிற்று. வண்டி அதிலேயே சரியாகியிருக்கும். ஆனால் பிளக் வெளியே கிடக்கிறதே என்று, அது பார்க்கிற பக்கத்தைத் திருப்பி வைக்கிற வேலையையும் செய்தேன்.

வேலை இதுதான். பிளக்கின் நுனியில் வளைந்து நிற்கிற கொக்கிக்கு ஒரு முதுகு, திறந்த பக்கமாக ஒரு வாய். பொறி விழுந்ததும் பிறக்கிற தீ கடுகளவுதான். முதுகுப் பக்கம் போனால் கொக்கியே அதன் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் வாய், காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகிற இன்டேக் வால்வைப் பார்த்து நின்றால் நல்லது. வாய் இருக்கும் பக்கத்துக்கு நேராக, மேலே வெள்ளைப் பீங்கானில் மார்க்கரால் ஒரு கோடு. இன்ஜின் ஆறிய பிறகு முறுக்கி, கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லாப் பிளக்கிலும் மரை ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. ஒன்றின் துளையில் இன்னொன்றை மாற்றிப் போட்டாலே பாதி சரியாகிவிடும். மிச்சத்துக்குச் செம்பு வாஷர். 14 மி.மீ. பிளக்கில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்கும், ஆக 0.1 மி.மீ. வாஷர் வித்தியாசம் கோட்டை ஏறக்குறைய 29 டிகிரி நகர்த்தும். கம்பெனி வாஷரைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் பிளக் மேலே தூக்கிக்கொள்ளும், சூடும் சிலிண்டர் மேல்மூடியான ஹெட்டுக்கு இறங்காது. பொறி தாவுகிற இடைவெளி, அதாவது கேப், 0.8 மி.மீ. வைத்தேன்.

கோடு வரவில்லை என்பதற்காக இன்னும் முறுக்கவே கூடாது. அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லையென்றால், நசுங்குகிற புதுக் கம்பெனி வாஷர் கையால் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு; செம்பு வாஷருக்கு இந்தக் கணக்கு ஆகாது. இதைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. அவரா முறுக்கப்போகிறார் என்று விட்டுவிட்டேன்.

கொக்கியை நடு முனையின் பாதி வரை அரத்தால் ராவிக் குறைக்கவும் சொன்னார். பொறி திறந்தவெளியில் விழும், கூரான விளிம்பில் சுலபமாகத் தாவும் என்பதெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கூர் சீக்கிரம் மழுங்கிவிடும், கொக்கியும் வேகமாகத் தேயும். இரிடியம், பிளாட்டினம் பிளக்கில் அரத்தையே வைக்கக் கூடாது. முனையில் ஒட்டியிருக்கும் விலையான பொட்டு போய்விடும். வேண்டாம் என்றேன். அதுவரை நான் ஒழுங்கு.

திருப்பி வைப்பதால் வருகிற லாபம் இன்ஜின் சக்தியை அளக்கிற டைனோவில் வைத்து அளந்தால்தான் தெரியும். ஏற்றத்தில் காலுக்குத் தெரியாது. பெட்ரோல் அதிகமாகி மூச்சு முட்டுகிற இன்ஜினுக்கு வாய் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? இது தெரிந்தும் பிளக்கு என்றேன். பொய்யா? புது கேப், சுத்தமான முனை, அதற்கும் ஒரு பங்கு உண்டே. கேபிளில் எண்ணெய் விட்டதற்குக் கூலி கேட்டால் யார் தருவார்கள்? கூலி வாங்கிய வேலையைத்தானே சொன்னேன். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சில வாரம் கழித்து அதே தோட்டத்துப் பக்கமிருந்து இன்னொரு ஆம்னியைக் கட்டி இழுத்துவந்தார்கள். நடு சிலிண்டர் பிளக்கின் மரையில் அலுமினியம் வெள்ளி ஜரிகை போலச் சுற்றியிருந்தது. பீங்கானில் மார்க்கர் கோடு. சூடான இன்ஜினில், கோடு வரும்வரை வண்டிக்காரரே முறுக்கியிருக்கிறார். "பூப்பாறைத் தம்பி சொன்னாப்ல, நீங்க திருப்பி வச்சதுலதான் அவர் வண்டி பறக்குதுன்னு."

மரை வெட்டுகிற டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, துருவல் உள்ளே விழாமல் கால் சுற்று கால் சுற்றாக ஓட்டி, புது மரையாக நிற்கிற கம்பிச்சுருள், ஹெலிகாயில், போட்டேன். கூலியைப் பாதியாகக் குறைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிளக்கை மாட்டும்போது கை தானாக வாஷர் டப்பாவுக்குப் போனது. வாயை இன்டேக் பக்கம் பார்க்கத்தான் வைத்தேன்.